வெளுத்ததெல்லாம் பலமல்ல!



பாராசூட் என்றதும் உங்களுக்கு நீல டப்பாவும் தேங்காய் எண்ணெயும் ஞாபகத்துக்கு வந்தால், அது உங்கள் தப்பில்லை. எனக்கும் ரொம்ப நாள் வரை அப்படித்தான். நான் இங்கே எழுத வந்திருப்பது ஆகாயத்தில் விரிகிற நிஜப் பாராசூட்டைப் பற்றி. அதிலும் அதைத் துவைப்பதைப் பற்றி!

"மலர்ல எழுத வேற விஷயமே கிடைக்கலையாடா? சலவைக் கணக்கு எழுத வந்துட்டியா?" என்று என் ரூம்மேட் கேட்டான். முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுடா என்றேன். உங்களுக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே பாராசெயிலிங் உண்டு. பாராசூட்டை நீளக் கயிற்றால் ஜீப்பில் கட்டி இழுப்பார்கள். துணிக்குள் காற்று நிரம்பியதும் ஆள் அப்படியே மேலே போவான். முதல் நாள் சாயங்காலம் மழை. கடைசியாக இறங்கிய பாராசூட் ஈரத் தரையில் விழுந்து, வெள்ளைத் துணி எல்லாம் செம்மண் கறை. மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் முகாமைப் பார்க்க வருகிறார். நாங்கள் மூன்று பேர், யாரும் சொல்லாமலே நல்ல பெயர் வாங்கக் கிளம்பினோம். ஒரு பக்கெட், வாஷிங் பவுடர், துணி பிரஷ். அது போதாதென்று, கழிவறைக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரிலும் ஒரு பொட்டலம்!

தண்ணீரில் பவுடரைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது உஸ்தாத் வந்துவிட்டார். நம்ம ஊர்க்காரர்தான்.

"யாருப்பா அது, பக்கெட்டோட?"

"நாங்கதான் உஸ்தாத். நாளைக்கு ஆபீசர் வர்றார்ல... பளிச்னு பண்ணிடலாம்னு..."

அவர் திட்டவில்லை. பக்கெட்டைக் காலால் தள்ளி வைத்துவிட்டு, ஸ்டோருக்குள் போய் ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து வந்தார். அதில் கழித்துக் கட்டிய பாராசூட் துணியில் வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்று பால் மாதிரி வெள்ளை. இன்னொன்றில் எப்போதோ பட்ட செம்மண் கறை, மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"இதுல எது நல்ல துணி? சொல்லுங்க பார்ப்போம்."

மூன்று பேரும் ஒரே குரலில் வெள்ளையைக் காட்டினோம். "கிழிச்சுப் பாரு" என்றார். இரண்டு கையிலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். நோட்டுப் பேப்பர் மாதிரி சர்ரென்று கிழிந்தது. கறைத் துணியைக் கொடுத்தார். என்னால் முடியவில்லை. கபடி ஆடுகிற என் நண்பனாலும் முடியவில்லை.

"அந்த வெள்ளைத் துணியை யாரோ நல்லது நினைச்சுத்தான் பிளீச் போட்டு அலசி, மொட்டை மாடியில காயப் போட்டிருக்கான். அழுக்கு போச்சு. கூடவே உசிரும் போச்சு. நாளைக்கு இதுல தொங்கப் போறது யாரு தம்பி? நீதானே?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பயமில்லை, வெட்கம். ஏனென்றால் நான் படிப்பது டெக்ஸ்டைல் டெக்னாலஜி!

நமக்குத் தெரியாத விஷயமா இது?

பாராசூட் துணி பெரும்பாலும் நைலான். முன்பெல்லாம் பட்டில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போனது. அப்போதுதான் நைலான் அந்த இடத்துக்கு வந்தது. 1942 ஜூனில் அட்லைன் கிரே என்ற பெண்மணி நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டினார். அதற்கு வெறும் ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1935-ல், கரோதர்ஸ் குழுவினர் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நைலான் 6,6-ஐ உருவாக்கியிருந்தார்கள்.

நம் லேபில் நாரை அடையாளம் காணும் பரிசோதனை செய்திருக்கிறோமே, ஞாபகம் இருக்கிறதா? டெஸ்ட் ட்யூபில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி நூலைப் போட்டால் நைலான் கரைந்து காணாமல் போகும், பாலியெஸ்டர் அப்படியே கிடக்கும். ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பத்துக்குப் பத்து மார்க்கும் வாங்கினேன். நைலானுக்கு அமிலம் ஆகாது, குளோரின் பிளீச் ஆகாது, வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது என்று பரீட்சையிலும் எழுதினேன். ஆனால் கையில் பிளீச்சிங் பவுடரோடு நைலான் முன்னால் நின்றபோது அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. படித்தது ரெக்கார்டு நோட்டில் இருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

வீட்டுத் துணிக்கும் பாராசூட் துணிக்கும் என்ன வித்தியாசம்? சட்டைக்கு வேலை நம்மை மூடுவது. பாராசூட் துணிக்கு வேலை காற்றைப் பிடிப்பது. அதனால் அதை மிக மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்வார்கள். ஒரு இடத்தில் கிழிந்தாலும் கிழிசல் ஓடாமலிருக்க, குறிப்பிட்ட இடைவெளியில் கனமான நூல் வைத்துக் கட்டம் கட்டமாக நெய்வதுதான் ரிப்ஸ்டாப். நெய்த பிறகு சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்து நூல்களின் இடைவெளியை இன்னும் அடைப்பார்கள். காலண்டரிங் என்று பாடத்தில் வருகிறதே, அதேதான். சில துணிகளுக்குக் காற்றே புகாதபடி சிலிக்கான் பூச்சும் உண்டு.

இந்தத் துணியை வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றினால் என்ன ஆகும்? உருளை அழுத்தி அடைத்த இடைவெளி மறுபடி திறக்கும். துணி வழியாகக் காற்று கசியும். விரியும் விதமும் மாறும், இறங்கும் வேகமும் மாறும். கயிறுகள் சிக்கிக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெல்லிய இழைகள் அறும். சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரி போட்டாலோ கேட்கவே வேண்டாம். இன்று பல பாராசூட்களில் கயிறு ஒரு வகை உறுதியான பாலிஎதிலின். அது ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காட்டன் சட்டைக்கு வைக்கிற சூடு அதைவிட அதிகம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை சேதமும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது பளிச்சென்ற வெள்ளை மட்டும்தான்.

1980-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு விஷயம் நடந்தது. சில வட்ட வடிவ ரிசர்வ் பாராசூட்களில், அதாவது முதல் பாராசூட் கைவிட்டால் உயிர் காக்க வேண்டிய இரண்டாவது பாராசூட்களில், துணியோடு சேர்த்துத் தைத்திருந்த வலைத்துணியில் அமிலத்தன்மை இருந்தது. பாராசூட் மடித்துப் பைக்குள் கிடந்த காலத்தில் அந்த அமிலம் பக்கத்தில் பட்ட நைலானை மெதுவாக அரித்துவிட்டது. கறை இல்லை, அழுக்கு இல்லை. பார்த்தால் புதுத் துணி. கையால் இழுத்தால் கிழிகிற துணி! பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கிற மாதிரி ஒரு சாதாரண நிறங்காட்டியால். ப்ரோமோகிரெசால் கிரீன் கரைசலைத் துணியில் தொட்டு வைத்தார்கள். மஞ்சளாக மாறினால் அமிலம். கூடவே, குறிப்பிட்ட எடையில் துணியை இழுத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். முதலாமாண்டில் நாம் தூக்கக் கலக்கத்தோடு செய்கிற டைட்ரேஷனுக்குச் சொந்தக்காரச் சோதனைதான் அங்கே உயிரைக் காப்பாற்றியது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கண்ணில் படுகிற கறை பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கண்ணில் படாத ரசாயனச் சேதம்தான் ஆபத்தானது. கறையைப் போக்கப் போய் நாமே அந்தச் சேதத்தைக் கொண்டுவந்து வைக்கிறோம். எனவே சுத்தம் செய்யத் தெரிந்தவன் யார் என்றால், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவன்தான்.

அப்படியானால் அழுக்கோடு விட்டுவிடுவதா?

நியாயமான கேள்வி. "ஈரத்தோட வெச்சா பூஞ்சை பிடிக்காதா?" என்று நானும் உஸ்தாத்திடம் கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

காய்ந்த மண்ணா? ஈரமாக இருக்கும்போது தேய்க்காதே. நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்டு முழுக்கக் காயவிடு. பிறகு உதறு. ஒட்டியிருப்பதை மென்மையான பிரஷால் தட்டிவிடு. அதற்குப் பிறகும் நிற்கிற கறையை அப்படியே விட்டுவிடு. கறை பறப்பதைத் தடுக்காது. மணலை மட்டும் விடாதே. மடிப்புக்குள் மாட்டிய மணல் ஒவ்வொரு அசைவிலும் இழையை அறுக்கும்.

ஒரே இடத்தில் பிசுக்கா? மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடு. சோப்பு துளியும் தங்காமல் நல்ல தண்ணீரில் மறுபடி மறுபடி ஒற்று. முழுப் பாராசூட்டையும் நனைக்காதே. பெட்ரோல், தின்னர் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஊற்றிப் பார்க்காதே. தயாரித்தவர் கையேட்டில் எதைச் சொல்லியிருக்கிறாரோ அது மட்டும்தான்.

கடல் தண்ணீரா? இங்கேதான் முழுசாக அலச வேண்டும், அதுவும் காய்வதற்கு முன்னால். காய்ந்துவிட்டால் உப்புப் படிகம் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து அரம் மாதிரி அறுக்கும். வளையம், கொக்கி எல்லாம் துருப் பிடிக்கும். உப்பு போகும்வரை நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி அலசு. பிழியாதே. நிழலில் தொங்கவிடு.

பேட்டரி ஆசிட், பிளீச், தெரியாத ரசாயனம் ஏதாவது பட்டதா? அது துவைக்கிற விஷயமே இல்லை. பாராசூட்டைத் தனியே எடுத்து வை, தெரிந்தவரிடம் கொடு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வண்டி டிக்கியில் பேட்டரி பக்கத்தில் வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

கடைசியாக ஒன்று: என்ன செய்தாய் என்று எழுதி வை. அமெரிக்காவில் ரிசர்வ் பாராசூட்டை உரிமம் பெற்ற ஆள் பரிசோதித்து, மடித்து, தன் அடையாள முத்திரை வைத்து மூடி, பதிவு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு 120 நாளுக்கு ஒரு முறை இருந்தது, 2008 முதல் 180 நாளுக்கு ஒரு முறை. அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'இதில் ஏதாவது ஆனால் என்னைக் கேள்' என்று அர்த்தம். நாம் ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிற ரீடிங்குக்கு அப்படி ஒரு கையெழுத்தைப் போட நமக்குத் தைரியம் உண்டா, சொல்லுங்கள்!

நாம என்ன ஆகாயத்திலிருந்து குதிக்கப் போறோமா?

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இப்படிக் கேட்பது என் காதில் விழுகிறது. குதிக்க வேண்டாம் ஐயா. சிவில் படித்தவன் நாளைக்குப் பத்தாவது மாடிச் சாரத்தில் ஏறும்போது இடுப்பிலும் தோளிலும் மாட்டுகிற சேஃப்டி பெல்ட் எதனால் ஆனது? நைலான் அல்லது பாலியெஸ்டர் நாடா. எலெக்ட்ரிக்கல் படித்தவன் கம்பத்தில் ஏறினாலும் அதே கதை. அதை மொட்டை மாடி வெயிலில் மாசக் கணக்கில் தொங்கவிட்டு, பெயிண்ட் பட்டால் தின்னர் போட்டுத் துடைப்பவர்கள் எத்தனை பேர்?

மெக்கானிக்கல் நண்பர்களே, கிரேனில் பாரம் தூக்குகிற துணி ஸ்லிங்கைப் பாருங்கள். அமிலம் புழங்குகிற இடத்தில் நைலான் ஸ்லிங் கூடாது. காஸ்டிக் சோடா மாதிரி கடும் காரம் புழங்குகிற இடத்தில் பாலியெஸ்டர் ஸ்லிங் கூடாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மாற்றிப் போட்டால் என்றைக்கு அறும், யார் தலையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. சாயப் பட்டறையும் பிளீச்சிங் யூனிட்டும் நிறைந்த நம் பக்கத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் டிப்ளமா வாங்கிக்கொண்டு போவது சரியா?

டெக்ஸ்டைல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் கான்பூரில் 1941 முதல் பாராசூட் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது கிளைடர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. பாராசூட்களை வடிவமைக்கும் ஆய்வு நிலையம் ஆக்ராவில் இருக்கிறது. ககன்யான் திட்டத்தில் 2023 அக்டோபர் 21-ல் சோதித்த விண்கலம் பாராசூட்டில் தொங்கித்தான் வங்கக் கடலில் வந்து இறங்கியது. 'துணிப் படிப்புதானே' என்று நம்மைக் கேலி செய்பவர்களிடம் சொல்லிவையுங்கள்!

உண்மையில் நோய் எங்கே இருக்கிறது?

என் கருத்தில், நோய் அந்த பக்கெட்டில் இல்லை. 'நாளைக்கு ஆபீசர் வர்றார்' என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது. பார்க்க வருபவருக்காகச் சுத்தம் செய்வது ஒன்று. பயன்படுத்தப் போகிறவனுக்காகப் பராமரிப்பது வேறொன்று. இரண்டையும் நாம் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒர்க்‌ஷாப் மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். அவசரத்தில் கிரீஸ் நிப்பிளுக்கும் சேர்த்துப் பெயிண்ட்! வந்தவர் பளபளப்பைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார். பேரிங் மட்டும் உள்ளே எண்ணெய் இல்லாமல் அழுதுகொண்டிருக்கும். செம்மண் கறைக்கு பிளீச்சிங் பவுடர் எடுத்த என் கையும், நிப்பிளுக்குப் பெயிண்ட் அடிக்கிற கையும் ஒரே கைதான்.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் 'டிசைன்' என்றால் முகம் மலர்கிறோம், 'மெயின்டெனன்ஸ்' என்றால் முகம் சுருங்குகிறது. துவைப்பது, துடைப்பது, மடிப்பது எல்லாம் படிக்காதவர் வேலை என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த உஸ்தாத் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. இரண்டு துண்டுத் துணியில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு செமஸ்டர் முழுக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பொருளைச் செய்தவனுக்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ, அதைக் கெடாமல் காப்பவனுக்கும் அவ்வளவு வேண்டும். அந்த மரியாதையை முதலில் நாம் கொடுக்கவேண்டும். நாளைக்கு அந்த வேலையில் இருக்கப்போவது நம்மில் பாதிப் பேர் அல்லவா!

வெறும் புலம்பலோடு முடிக்க எனக்கு இஷ்டமில்லை. நம் மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். செலவு அதிகமில்லை.

டெக்ஸ்டைல் லேபில் இழுவலிமை மெஷின் இருக்கிறது. நைலான் துணி கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. 5 செ.மீ. அகலத்தில் துண்டுகள் வெட்டுவோம். ஒரு கட்டு பீரோவுக்குள். ஒரு கட்டு மொட்டை மாடி வெயிலில் இரண்டு மாதம். ஒரு கட்டு பிளீச்சிங் பவுடர் கரைசலில். ஒரு கட்டு மிதமான சோப்பில் அலசி நிழலில். இன்னொரு கட்டில் செம்மண்ணைப் பூசி அப்படியே வைப்போம். பிறகு ஒவ்வொன்றையும் மெஷினில் 20 செ.மீ. இடைவெளியில் பிடித்து இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று குறிப்போம். எல்லாப் பிரிவு மாணவர்களும் கலந்துகொள்ளட்டும். காப்பி அடிக்க முடியாத ரீடிங் அது, ஏனென்றால் யாருக்கும் விடை முன்கூட்டித் தெரியாது! அடுத்த ஆண்டு மலரில் அந்த அட்டவணையை வெளியிடுவோம். அறுந்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு லேபில் வைப்போம். நமக்குப் பின்னால் வருகிற ஜூனியர்கள் கிழித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

முகாமில் மறுநாள் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நிழலில் காய்ந்து, உதறி, பிரஷால் தட்டியும், பாதிச் செம்மண் கறை அப்படியே நின்றது. வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "கறையா இருக்கே?" என்றார். உஸ்தாத் விறைப்பாக நின்று, "ஆமா சார். துணி நல்லா இருக்கு சார்" என்றார்.

அடுத்து மேலே போனது நான்தான். தலைக்கு மேலே அந்தக் கறைத் துணி காற்றில் விம்மிக்கொண்டு நின்றது. அதைவிட அழகான துணியை நான் அதுவரை பார்த்ததில்லை, நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன்,
டெக்ஸ்டைல் டெக்னாலஜி பிரிவு